டெக் போட எவ்வளவு ஆச்சு?

1

மயிலாப்பூரில் இருக்கும் என் கல்லூரித் தோழி வசந்திக்கு ஜூலை மாதத்தில் ஒரு படம் அனுப்பினேன். எங்கள் வீட்டுப் பின்பக்கம். புது மரத்தில் ஒரு மேடை, சுற்றிலும் கைப்பிடி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஐந்தே நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. "சூப்பர்டி கலா! எவ்ளோ ஆச்சு?"

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கேள்விதான் முதலில் வரும். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் மூன்று வாரம் ஜன்னல் வழியாக வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முடிந்த அன்று "அழகாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மனசுக்குள் கணக்குப் போடாமலா இருந்திருப்பார்? வாயைத் திறந்து கேட்க மாட்டார், அவ்வளவுதான். வசந்தி கேட்டது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ஒரு தொகையை எழுதி அனுப்பினேன்.

இப்போது அக்டோபர். அந்தத் தொகை தப்பு. சரியான பதிலை எழுத எனக்கு மூன்று மாதம் பிடித்திருக்கிறது.

டெக் என்றால் என்ன என்று ஊரில் கேட்பவர்களுக்காக: வீட்டின் பின்கதவை ஒட்டி, தரையிலிருந்து தூக்கி, மரத்தில் போடும் திறந்த மேடை. கனடாவில் வெயில் வருவதே நாலு மாதம். அந்த நாலு மாதமும் இந்த ஜனங்கள் அதில்தான் குடியிருப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் பதினோரு வருடமாக அது இல்லை. டொராண்டோவுக்கு வடக்கே, சரிவான மனையில் கட்டிய வீடு. முன்பக்கம் தெருமட்டம். பின்பக்கம் சமையலறையிலிருந்து ஒரு பெரிய கண்ணாடிக் கதவு, அதைத் திறந்தால் கீழே ஆறடிக்கு வெறும் காற்று. யாரும் விழுந்துவிடக் கூடாது என்று வீட்டைக் கட்டி விற்றவர்களே கதவுக்கு வெளியே குறுக்காக ஒரு பலகை அடித்துவிட்டுப் போனார்கள். டெக் போட்ட பிறகு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கதவு இருக்கிறது, போக வழி இல்லை. பதினோரு வருடம் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டேதான் பாத்திரம் கழுவினேன்.

எனக்கு அது பழகிவிட்டது. அப்பாவுக்குப் பழகவில்லை.

2

அப்பா முப்பத்தொரு வருடம் சென்னையில் டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருவில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. கண்டக்டர் வூடு எது என்றால் எல்லாரும் கை காட்டுவார்கள். அடையார், மந்தைவெளி, மயிலாப்பூர் என்று போகும் வண்டியில்தான் அவருக்குப் பெரும்பாலும் டூட்டி. விசிலை விட அவர் குரலுக்கு டிரைவர் சீக்கிரம் பிரேக் போடுவார் என்று சொல்வார்கள். "படியில நிக்காத நைனா, உள்ள ஏறு! எறங்குறவங்களுக்கு வழி உடு!" இதை ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். வீட்டில் அம்மா வாசல்படியில் நின்று கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசினால்கூட, பின்னாலிருந்து "வழி உடுமே" என்பார்.

நான் மயிலாப்பூரில் கல்லூரியில் படித்தபோது ஒருநாள் அவர் வண்டியிலேயே ஏறும்படி ஆயிற்று. தோழிகள் நாலு பேர், லஸ் ஸ்டாப்பில் ஏறினோம். கூட்டம். பின்படியிலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தோம். அப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "இன்னாமே, படியில நின்னுக்கினு அரட்டை? உள்ள ஏறு!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. வசந்தி என் காதருகில், "யாருடி இந்த ஆளு? உன்னைப் போய் 'மே'ங்கறான்!" என்றாள்.

"யாரோ கண்டக்டர்" என்றேன்.

அப்பா இரண்டடி தள்ளி நின்றிருந்தார். டிக்கெட்டைக் கிழித்து வேறு யாருக்கோ கொடுத்தார். என் பக்கம் பார்க்கவில்லை. நாங்கள் இறங்கும் இடம் வந்தபோது, கதவோரம் ஒதுங்கி நின்று, "பார்த்து எறங்குங்கம்மா" என்றார். அன்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் எப்போது அவர் வண்டியில் ஏறினாலும் எனக்கு அந்த 'வாங்கம்மா போங்கம்மா'தான். அடித்திருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன். இது மறக்கவே இல்லை.

வசந்திக்கு இன்றுவரை இது தெரியாது. நான் அவளை எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டதே இல்லை. இதைப் படிக்கும்போது தெரிந்துகொள்வாள்.

3

அம்மா போன பிறகு அப்பாவை இங்கே கூட்டி வந்தேன். ஒரே பெண், வேறு யார் இருக்கிறார்கள்? ஆதம்பாக்கம் வீட்டை வாடகைக்கு விட்டோம். இது மூன்றாவது வருடம்.

முதல் குளிர்காலத்தில் அவர் செய்த ஒரே வேலை, பலகை அடித்த அந்தக் கண்ணாடிக் கதவின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்வதுதான். பின்வேலியைத் தாண்டி ஒரு நடைபாதை, அதைத் தாண்டி மெயின் ரோடு. வேலிக்கு மேலே பஸ்ஸின் தலை மட்டும் தெரியும். அரை மணிக்கு ஒன்று. அவர் நேரம் பார்ப்பார். "இந்த டிரிப்பு நாலு நிமிசம் லேட்டு" என்பார். "காலியா போவுதும்மா. இத்தினி காலியா எவன் வண்டி ஓட்டுவான்? கலெக்‌ஷன் இன்னா ஆவுறது?"

நான் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஆபீஸ் வேலை பார்ப்பேன். கணவர் ரவி காலையில் போனால் இருட்டித்தான் வருவார். மகள் நித்யாவுக்குப் பதினாறு வயது. வந்தாலும் காதில் எதையோ மாட்டிக்கொண்டுதான் வருவாள். "எத்தினி மணிக்கு வருவ கண்ணு?" என்று தாத்தா கேட்பார். அவள், "தெரியாது தாத்தா" என்பாள். அவளுக்குச் சரளமாக வரும் தமிழ் வாக்கியங்களில் அது ஒன்று.

இரண்டாம் வருடம் பிப்ரவரியில் அப்பா ஒருநாள் முன்கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். நான் மீட்டிங்கில் இருந்தேன், கவனிக்கவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு, கான்வாஸ் ஷூவோடு பனியில் நடந்து, மெயின் ரோட்டுக்குப் போய் பஸ்ஸில் ஏறிவிட்டார். கடைசி ஸ்டாப் வரை போயிருக்கிறார். திரும்பி வர வேண்டும். எந்தத் தெரு, எந்த எண் என்று நினைவு வரவில்லை. அந்த டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு, போலீஸ் வரும்வரை கூடவே உட்கார்ந்திருந்தாராம். அப்பாவைக் காணோம் என்று நானும் போலீஸுக்குச் சொல்லியிருந்ததால் வீடு தெரிந்தது.

போலீஸ் காரில் வந்து இறங்கியவருக்குக் கால்விரல்கள் வெளுத்து மரத்துப் போயிருந்தன. எனக்கு உயிரே இல்லை. அவருக்கோ முகம் முழுக்கச் சிரிப்பு. "நல்ல டிரைவரும்மா. சீட்ட உட்டு எந்திரிச்சி வந்து பேசினான். அவன் பேசினது எனக்குப் புரியல, நான் பேசினது அவனுக்குப் புரியல. ஒரு மணி நேரம் பேசிக்கினு இருந்தோம்."

மறுநாளே முன்கதவுக்கு எண் போட்டுத் திறக்கும் பூட்டு வாங்கி மாட்டினேன். கதவு திறந்தால் என் போனில் மணி அடிக்கும். எண்ணை அவருக்குச் சொல்லவில்லை. நித்யா போனாலும் அதே மணிதான் அடிக்கிறது. அவளுக்கு நான் நாற்காலியை விட்டு எழுவதில்லை. அப்பா இரண்டு முறை அந்தப் பூட்டின் பொத்தான்களை அழுத்திப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார். "நான் இன்னா உள்ள இருக்கிற கைதியா?"

"அப்பா, குளிருப்பா. உங்க நல்லதுக்குத்தான்."

"நல்லதுக்குத்தான் எல்லாரையும் உள்ள வெக்கிறாங்க" என்றார்.

அப்போதுதான் டெக் போடுவது என்று முடிவு செய்தேன். இந்தக் கோடைக்குள் பலகையை எடுத்துவிடலாம், வெளியே காற்றாட உட்காருங்கள் என்றேன். அவர் என்னை நம்பாமல் பார்த்தார். "இந்தக் கோடைக்குள்ள ஆவலன்னா என்னிய ஆதம்பாக்கத்துக்கு அனுப்பிடு" என்றார். அங்கே யார் இருக்கிறார்கள் அவரைப் பார்த்துக்கொள்ள? பத்து நிமிடத்துக்கு முன் மாத்திரை போட்டதை மறந்துவிட்டு மறுபடி கேட்கிறவர். அந்த டெக் முடிந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது.

4

சரி, செலவுக்கு வருகிறேன்.

நேசன் என்று ஒரு ஒப்பந்தக்காரர். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே இருபது வருடமாக மர வேலை. மெதுவாகப் பேசுவார், சொன்னதைச் செய்வார். அவர் முதல் நாள் வந்து பின்பக்கத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "அக்கா, நிலத்துக்கு மேல தெரியிறது மட்டும் டெக் இல்லை. கீழ போறதுதான் காசு" என்றார்.

தூண் ஊன்றக் குழி நாலடி ஆழம் போக வேண்டும். குளிர்காலத்தில் மண்ணுக்குள் தண்ணீர் உறைந்து வீங்கும். ஆழமில்லாத தூணை அப்படியே மேலே தூக்கிவிடும். நம் ஊரில் பந்தக்கால் நடுகிற மாதிரி நட்டால் அடுத்த வருடம் டெக் கோணிக்கொண்டு நிற்கும். எங்கள் மனையில் குழி தோண்டினால் களிமண். அதற்குள் வீடு கட்டியபோது புதைத்துவிட்டுப் போன கல்லும் கட்டிட உடைசலும். இரண்டு வீட்டுக்கும் நடுவே சந்து குறுகல் என்பதால் இயந்திரம் உள்ளே வராது. ஆள் வைத்துக் கையால்தான் தோண்ட வேண்டும். இங்கே ஆள் கூலிதான் மரத்தை விட விலை.

அடுத்தது சுவர். மேடையின் ஒரு பக்கத்தை வீட்டுச் சுவரிலேயே போல்ட் அடித்துத் தாங்கவிட்டால் ஒரு வரிசைத் தூண் மிச்சம். அதுவும் முடியாது. பார்க்கத்தான் செங்கல் வீடு. உள்ளே மரச்சட்டம், வெளியே ஒற்றை வரிசைச் செங்கல், பாரம் தாங்காது. ஆக, டெக் தன் காலிலேயே நிற்க வேண்டும். இன்னும் மூன்று தூண், இன்னும் மூன்று குழி. ஆறடி உயரம் என்பதால் தூண்கள் தடிமன், குறுக்குச் சட்டம், சுற்றிலும் கட்டாயமாகக் கைப்பிடி. தரையோடு ஒட்டிய டெக் என்றால் இதில் பாதி கிடையாது. உயரம் ஏற ஏற விலையும் ஏறுகிறது.

மரம் மூன்று வகை. மருந்து ஏற்றிய பைன் மரம் மலிவு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் பூச வேண்டும். தேவதாரு அழகு, விலையும் அதற்கேற்ற மாதிரி. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை ஒன்று இருக்கிறது, உளுத்துப்போகாது, பூச வேண்டாம், விலையைக் கேட்டதும் ரவி சோபாவில் உட்கார்ந்துவிட்டார். பைனே போதும் என்று முடிவாயிற்று. எந்த மாதத்தில் கேட்கிறோம் என்பதும் உண்டு. வசந்தத்தில் ஊரே டெக் கேட்கும், அப்போது நேசனைப் போன்றவர்களைப் பிடிக்க முடியாது.

இதற்கெல்லாம் முன்னால் நகராட்சி அனுமதி. நேசன் போனில், "பிளான் கீறிக்கொண்டு வாறன் அக்கா" என்றபோது ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "கீறினா கிழிஞ்சிப் போவாதா நைனா?" என்றார். அவர்கள் தமிழில் கீறுவது என்றால் வரைவது. நேசன் சிரித்தார். அப்பா அவரைப் போனிலேயே நண்பராக்கிக்கொண்டுவிட்டார்.

அந்த வரைபடத்தை அனுப்பினோம். மனையின் சர்வே நகல் கேட்டார்கள். கொடுத்தோம். குழியின் அகலம் எழுதவில்லை என்று திரும்பி வந்தது. எழுதினோம். பின்வேலி ஓரம் மழைநீர் ஓடும் இடம், அதிலிருந்து எவ்வளவு தள்ளி என்று கேட்டார்கள். ஐந்து வாரம். நேரில் போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வந்தால் முடிந்துவிடும் என்று என் சென்னை ரத்தம் கொதித்தது. நேரில் வரக் கூடாதாம், இமெயில்தானாம். ஊரில் நாங்கள் வீட்டுக்கு ஒரு அறை சேர்த்துக் கட்டியபோது, பாதி சுவர் எழும்பிய பிறகு அம்மா, "மேஸ்திரி, இங்க ஒரு ஜன்னல் வையி" என்றாள். மேஸ்திரி நாலு கல்லை உருவிவிட்டு ஜன்னல் வைத்தார். இங்கே அனுமதி வாங்கிய தாளில் இருப்பதுதான் கட்டலாம். ஒரு படியைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் மறுபடி தாள், மறுபடி கட்டணம், மறுபடி வாரங்கள்.

படி என்று எழுதிவிட்டேன். அதைச் சொல்ல வேண்டும்.

நேசன் முதலில் கீறிய பிளானில் படி இருந்தது. மேடையின் இடது ஓரத்திலிருந்து ஒன்பது படி, நேராகப் பின்புல்வெளிக்கு. புல்வெளி முடிவில் வேலி, வேலியில் ஒரு சின்னக் கேட், கேட்டைத் திறந்தால் நடைபாதை.

"படி எடுத்துடுங்க" என்றேன்.

"ஏன் அக்கா?"

"செலவு ஏறுதுல்ல? தனிக் குழி, தனிக் கைப்பிடி. பால்கனிக்கு யாராவது படி வைப்பாங்களா? எங்க ஊர்ல பால்கனிய கிரில் போட்டு மூடிடுவோம்."

"இது பால்கனி இல்லை அக்கா, டெக். படி இல்லாட்டி டெக் என்னத்துக்கு?"

"அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பென்சிலால் அந்த இடத்தைக் குறுக்கே கோடு போட்டார். ரவியிடம், படிக்கு மட்டுமே நிறைய ஆகுமாம், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றேன். வசந்திக்கு நான் அனுப்பிய தொகை படி இல்லாத டெக்கின் தொகை.

5

ஜூலையில் முடிந்தது. பரிசோதனைக்கு வந்தவர் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார், கம்பிகளின் இடைவெளியை அளந்தார், கையெழுத்துப் போட்டார்.

பலகையை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கதவை நேசன் தள்ளித் திறந்தபோது காற்று சமையலறைக்குள் வந்தது. அப்பா தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். வெளியே காலை வைத்தார். நித்யாவும் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு வந்து நின்றாள்.  பதினோரு வருடம்!

அப்பா மேடையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்தார். அங்கிருந்து அடுத்த மூலைக்கு. கைப்பிடியைக் கையால் தடவிக்கொண்டே போனார். முழுச் சுற்றும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றார். மறுபடி ஒரு சுற்று. இந்த முறை ஒவ்வொரு இடமாக நின்று கைப்பிடியை லேசாகத் தள்ளிப் பார்த்தார்.

"அம்மா, இது பேபி கேட் மாதிரி இருக்கும்மா" என்றாள் நித்யா. சின்ன வயதில் அவள் மாடிப்படியில் விழாமல் இருக்க நான் மாட்டியிருந்த தடுப்பைச் சொல்கிறாள்.

"சும்மா இரு" என்றேன்.

அப்பா நேசனைப் பார்த்தார். "தம்பி, எல்லாம் ஷோக்கா கீது. எறங்க வழி எங்க நைனா?"

நேசன் என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன். அவர் என்ன செய்வார், பாவம். பெரியவர் நேருக்கு நேர் கேட்கிறார்.

"ஐயா, நான் கீறின பிளான்ல படி இருந்தது. அக்காதான் வேண்டாமெண்டு சொன்னவ."

"ரொம்ப ஆவுமோ?"

"இல்லை ஐயா. மிஞ்சிற மரத்தில செய்து தாறன், கூலி வேண்டாம், ஐயாவுக்கு என்ர கணக்கில எண்டுகூடச் சொன்னனான்." சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். சுத்தியலை எடுத்துப் பையில் போட்டார். "பிறகு செய்யலாம் ஐயா" என்று மெல்லச் சொன்னார்.

ஆமாம். மேலே எழுதும்போது இதை நான் மறைத்துவிட்டேன். பென்சிலால் கோடு போடுவதற்கு முன் நேசன் அப்படித்தான் சொன்னார். மரமும் கூலியும் இல்லாமல், ஒரு குழிக்கான செலவோடு படி வந்திருக்கும். நான் அப்போதும் வேண்டாம் என்றேன். படி இருந்தால் புல்வெளி, புல்வெளி தாண்டினால் கேட், கேட் தாண்டினால் பஸ். எனக்கு அப்பா வெளியே இருக்க வேண்டும், ஆனால் எங்கும் போகக் கூடாது. அதற்குச் செலவு என்று பெயர் வைத்தேன். எனக்கு நானே அப்படிச் சொல்லிச் சொல்லி, ஜூலை வரும்போது அதை நானும் நம்பிவிட்டேன்.

அப்பா அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வேலிக்கு மேலே பஸ்ஸின் தலை போனது. அவர் நேரம் பார்க்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம்தான் வசந்திக்கு அந்தப் படத்தை அனுப்பினேன்.

6

அன்று சாப்பாடு வைத்தபோது, "போதும்மா, எடுத்துக்குங்க" என்றார்.

எனக்குக் கை நின்றுவிட்டது. இருபத்தெட்டு வருடம் கழித்து, பஸ்ஸில் கேட்ட அதே மரியாதை. காலையில் காபி கொடுத்தால், "வெச்சிட்டுப் போங்கம்மா." மாத்திரை எடுத்துக் கொடுத்தால், "நன்றிங்க." ரவிக்கு இது புரியவில்லை. "உங்க அப்பா இப்பல்லாம் எவ்வளவு மரியாதையா பேசறார்" என்றார். நான் பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஒரு வாரம் பொறுத்தேன். எட்டாம் நாள் டெக்கில் அவருக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். "எம்மேல கோவமாப்பா?"

"கோவம் இன்னாத்துக்கும்மா? நீங்க வூட்டுக்காரங்க. வெச்ச எடத்துல இருக்கணும்."

"உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்? அன்னிக்கு விரலெல்லாம் வெளுத்துப்போய் வந்தீங்களே!"

அவர் தன் கால்களைப் பார்த்தார். "வந்தேன்ல?" என்றார். "வூடு தெரியாமப் போனேன். ஆனா வந்தேன்." பிறகு வேலியைப் பார்த்துக்கொண்டே, கோபமே இல்லாத குரலில் சொன்னார். "முப்பத்தொரு வருசம் கேட்டவனுக்கெல்லாம் டிக்கெட் குடுத்தேன். எவனயும் எறங்காதன்னு சொன்னதில்ல. எனக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் குடுங்கம்மா. நான் ஆதம்பாக்கம் போறேன்."

லேப்டாப்பைத் திறந்து நவம்பர் மாதத்துக்கு டிக்கெட் பார்த்தேன். ஒரு வழி டிக்கெட். பெயர், பிறந்த தேதி எல்லாம் நிரப்பிவிட்டுக் கடைசிப் பொத்தானை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். அங்கே வாடகைக்கு இருப்பவர்களைக் காலி செய்யச் சொல்ல வேண்டும். சமையலுக்கு ஆள் வேண்டும். மாத்திரைக்கு யார்? இங்கே வீட்டுக் கடன் இன்னும் பதினான்கு வருடம். நான் கூடப் போய் இருக்க முடியாது. நித்யாவுக்கு இன்னும் இரண்டு வருடப் பள்ளி. பூட்டின் எண் என் கையில்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் இந்த வீட்டை விட்டு என்னாலும் போக முடியாது.

லேப்டாப்பை மூடிவிட்டு நேசனுக்குப் போன் செய்தேன். "படி வேணும்" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். "அக்கா, அப்பவே சொன்னனான். இப்ப கனக்கச் செலவாகும்."

ஆனது. வரைபடம் திருத்த ஒரு கட்டணம், அனுமதி திருத்த ஒரு கட்டணம். மிஞ்சிய மரத்தை அவர் வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார், புது மரம். களிமண்ணில் மறுபடி ஒரு குழி, கையால். நல்லபடியாக நின்றிருந்த கைப்பிடியில் ஒரு பக்கத்தை அறுக்க வேண்டும். ஆட்கள் செப்டம்பர் கடைசி வரை வேறு வேலையில். தாளுக்காகக் காத்திருந்த ஆறு வாரமும் அப்பா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார், எனக்கு 'ங்க' போட்டுக்கொண்டே இருந்தார். டிக்கெட் எடுத்தாச்சா என்று இரண்டு முறை கேட்டார். படி முடியட்டும்ப்பா, அப்புறமும் போகணும்னு சொன்னா எடுத்துத் தரேன் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நம்பும்படி நான் என்ன செய்திருக்கிறேன்?

ரவி பில்லைப் பார்த்துவிட்டு, "இதை முதல்லயே போட்டிருக்கலாமே?" என்றார். அவரிடம் அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அவர் பணம் கட்டினார்.

7

போன சனிக்கிழமை மத்தியானம் படி முடிந்தது. ஒன்பது படி, இரண்டு பக்கமும் கைப்பிடி. நேசன் கிளம்புவதற்கு முன் கடைசிப் படியில் ஏறி நின்று குதித்துக் காட்டினார். "யானை ஏறினாலும் நிக்கும் ஐயா."

அப்பா தலை சீவிக்கொண்டு வந்தார். அதே வெள்ளைச் சட்டை. நான் ஒரு அட்டையில் எங்கள் முகவரியையும் என் போன் எண்ணையும் எழுதி வைத்திருந்தேன். அதை அவர் சட்டைப் பையில் வைத்தேன். வைக்கவிட்டார். நித்யா தன் பழைய கம்பளித் தொப்பியைக் கொண்டுவந்து அவர் தலையில் மாட்டினாள். "பஸ்ஸுல போனா எனக்கு மெசேஜ் பண்ணு தாத்தா" என்றாள். அவருக்கு மெசேஜ் அனுப்பத் தெரியாது என்பது அவளுக்கு மறந்துவிட்டது. எனக்கு அது நினைவிருந்தது.

நான் அவருக்கு முன்னால் இரண்டு படி இறங்கி நின்றுகொண்டேன். விழுந்தால் பிடிக்கலாம் என்று. "மெதுவாப்பா. கைப்பிடியப் புடிச்சுக்கோங்க. புல்லு ஈரமா இருக்கும். இன்னிக்கு கேட் வரைக்கும் போதும், என்ன? கேட்டத் திறக்க வேணாம். இல்ல, நானும் கூட வரேன், ஷூ மட்டும் போட்டுட்டு வந்துடறேன், அதுவரைக்கும் அப்படியே நில்லுங்க." பேசிக்கொண்டே இருந்தேன். நகரவில்லை. இரண்டு கையாலும் இரண்டு பக்கக் கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

அப்பா மேல் படியில் நின்று, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாமே, படியில நின்னுக்கினு அரட்டை?" என்றார். "எறங்குறவங்களுக்கு வழி உடு."

நான் கையை எடுத்து, ஓரமாக ஒதுங்கி நின்றேன்.